பாட்டி கதவு

வீட்டில் ஓர் அறை கூடுதலாகக் கட்டுவது என்று தீர்மானித்தவுடனே மனிதனுக்கு ஒரு புதிய கௌரவம் வந்துவிடுகிறது. வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "கொஞ்சம் கட்டட வேலை நடக்கிறது" என்று சொல்லத் தொடங்குகிறான். தஞ்சைப் பெரிய கோயிலையே தான் எழுப்பிக் கொண்டிருப்பதுபோல் அந்தச் சொல்லில் ஒரு கம்பீரம் தொனிக்கும். நாமும் சில மாத காலம் அந்தக் கம்பீரத்தை அனுபவித்தோம். உண்மையில் நாம் கட்டியது, தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள நமது சிறு வீட்டின் பின்புறத்தில், 12 அடிக்கு 10 அடி அளவில் ஒரே ஓர் அறை.

அந்த அறை நம் தாயாருக்காக. கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தவர், முழங்கால் வலியினால் தனியே இருக்க முடியாமல், நம்மோடு வந்து இருக்க ஒருவாறு இசைந்தார். இசைந்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்:

"கொல்லைப் பக்கம் கதவு உண்டோ, இல்லையோ?"

"உண்டு, உண்டு! பிரமாதமான கதவாக வைக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்குப் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

* * *

முதலில் ஒரு பெரிய கதவுக் கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்ட கடைக்கார இளைஞர், "ஸார், உங்களுக்கு வேண்டியது பாட்டியோ கதவு" என்றார்.

நம்முடன் வந்திருந்த ஏழு வயதுக் குமாரி, "ஆமாம், பாட்டிக்குத்தான்! இவருக்கு எப்படித் தெரிந்தது, அப்பா?" என்று வியப்புடன் கேட்டாள்.

பாட்டியோ என்பது ஸ்பானிய மொழிச் சொல். வீட்டோடு சேர்ந்த திறந்த முற்றத்துக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பெயர். தென் ஸ்பெயினில் உள்ள கார்டோபா நகரத்தார் தங்கள் முற்றங்களில் பூந்தொட்டிகளை நிறைத்து, வருஷந்தோறும் மே மாதத்தில் அதற்கென்று ஒரு விழாவே நடத்துகிறார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, வீட்டின் பின்னால் கல் பாவிய இடத்துக்கு வைத்தார்கள். அதற்குப் போகும் பெரிய கண்ணாடிக் கதவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நாமோ, முற்றமும் கொல்லையும் வைத்து வாழ்ந்தவர்கள், முற்றத்தை மூடித் தளம் போட்டோம். கொல்லையைக் கூறு போட்டு விற்றோம். இப்போது கடையில் போய்ப் பாட்டியோ கதவு கேட்கிறோம். இருக்கட்டும்.

இளைஞர் காட்டிய கதவு, தரையிலிருந்து மேல் விட்டம் வரையில் முழுவதும் கண்ணாடி. ஒரு விரலால் தொட்டதும் வாத்துப் போல் வழுக்கிச் சென்றது. "சுவரே இல்லாத மாதிரி இருக்கும், ஸார். வெளியில் உள்ள காட்சியெல்லாம் அறைக்குள் வந்துவிடும்" என்றார். நாமும் நம் இல்லத்தரசியும் மயங்கிவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான், நமது கொல்லையில் உள்ள காட்சி அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் நம் வீட்டுக் கொடியில் உலரும் துணிகளும்தான் என்பது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் மயக்கம் தெளியவில்லை. மறு வாரம் தாயார் ஊரிலிருந்து வந்ததும் அவரையும் கடைக்கு அழைத்துச் சென்றோம். அவர் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். கைப்பிடியைப் பற்றி இழுத்துப் பார்த்தார். அந்தக் கதவு சற்றுப் பழகியது போலிருக்கிறது. பாதையில் தூசி சேர்ந்து, பாதி வழியில் நின்றுவிட்டது. தாயார் கையை எடுத்துக்கொண்டார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. இதைத் திறக்க வேண்டுமானால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் நாம் இருவரும் உத்தியோகத்திலும் இருக்கும் வேளைகளில் அவர் கூப்பிடுவதற்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? தாமே திறக்க முடியாத கதவு, எத்தனை அழகான கண்ணாடியாக இருந்தாலும், அவருக்குச் சுவர்தானே?

* * *

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கண்ணாடியின் எடை, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு, கனத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரைக் கிலோ. 3 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள ஒரு பலகை, 6 மில்லிமீட்டர் கனமானால், ஏறக்குறைய 29 கிலோ. இரட்டைக் கண்ணாடி என்று ஐந்தைந்து மில்லிமீட்டரில் இரண்டு தகடு வைத்தால் 49 கிலோ. சட்டத்தின் எடை வேறு. உருளைகள் புதிதாக இருக்கும் வரையில் அத்தனையும் ஒரு விரலுக்கு நகரும். மண்ணும் மணலும் பாதையில் ஏறிய பின் நகர மறுக்கும். வாரந்தோறும் பாதையைக் கூட்டித் துடைக்கிற வீட்டுக்கு அந்தக் கதவு நல்ல கதவே. நம் வீட்டைப் பற்றி நமக்குத் தெரியும்.

பிறகு காற்றைப் பற்றி யோசித்தோம். நமது வீடு கிழக்குப் பார்த்தது. சென்னையில் கோடைப் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. ஆனால் வெளியேற வழி இல்லாத வீட்டுக்குள் காற்று வருவதில்லை, வாசலோடு நின்றுவிடுகிறது. நம் முன்னோர் வாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம் எல்லாம் தாண்டிக் கொல்லைக் கிணறு தெரியும்படி வீடு கட்டினார்களே, அந்த நேர்கோடு காற்றுக்குப் போட்ட ராஜபாட்டை. கொல்லைக் கதவு அதன் மறு முனை.

இந்த இடத்தில் நகரும் கதவின் ரகசியம் ஒன்று வெளிப்பட்டது. ஆறடி வாசலில் இரண்டு பலகை வைத்தால், ஒன்று மற்றொன்றின் பின்னால்தான் போய் நிற்க முடியும். ஆகவே திறப்பது 3 அடிதான். மூன்று பாதையில் மூன்று பலகை ஓடினால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். மடிப்புக் கதவு ஏறக்குறைய முழுவதும் திறக்கும்; கீல் அதிகம், செலவும் அதிகம். பழைய இரட்டைக் கதவோ ஆறடியையும் அப்படியே திறந்து காட்டுகிறது!

வெயிலும் யோசிக்க வேண்டிய விஷயம். நமது கொல்லை மேற்கு. தெற்கு வாசலானால் உச்சி வெயிலுக்கு மேலே ஒரு சார்ப்பு இறக்கினால் பெரும்பாலும் போதும். மேற்கு வெயில் அப்படியல்ல. மே மாதத்து மாலை ஐந்து மணிக்குச் சென்னையில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 20 பாகை உயரத்தில் இருக்கிறான். அப்போது 3 அடிச் சார்ப்பு நீட்டினாலும் அதன் நிழல் கதவின்மேல் ஓர் அடிதான் இறங்கும். மிச்சம் ஆறடியும் வெயிலுக்கே. கண்ணாடி வழியாக ஒளி தாராளமாக உள்ளே வரும். அதனால் சூடேறிய தரையின் வெப்பம் அதே தாராளத்துடன் வெளியே போகாது. உட்புறம் திரை போடுவது, திருடன் உள்ளே வந்த பிறகு வாசலைச் சாத்துவது போலத்தான். மேற்குக் கதவுக்குத் தடுப்பு வெளியே இருக்க வேண்டும்: மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, அல்லது ஒரு மரம். பூச்சு ஏற்றிய கண்ணாடிகள் வெப்பத்தை ஓரளவு குறைக்கின்றன; ஆனால் அவை மரத்தின் வேலையைச் செய்வதில்லை.

மூன்றாவது தண்ணீர். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் கண்ட சென்னைவாசிக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தாப் புயல் கரை கடந்தபோது, முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, பின்னர் தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. ஆகையால் ஒரே ஒரு திசைக்குப் பயந்து கதவு செய்வதில் பயனில்லை. மழை நீர் உள்ளே ஏறாதிருக்க நகரும் கதவின் அடிச்சட்டத்தை உயர்த்துகிறார்கள். அதில் நீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். துளைகள் அடைபடாமலும் இருக்க வேண்டும். ஆனால் அந்த உயர்ந்த சட்டம் முழங்கால் வலிக்காரருக்கு நாள்தோறும் ஒரு கண்டம். உள்தளத்தை உயர்த்தி, வெளித் தளத்தை ஓர் அங்குலம் தாழ்த்தி, வெளிப்புறமாகச் சரிவு கொடுத்து, மேலே கூரை இறக்கிவிட்டால், சட்டத்தை உயர்த்தாமலே பெரும்பாலான மழையைச் சமாளிக்கலாம் என்று கொத்தனார் சொன்னார். அவர் சொன்னபடி செய்தோம்.

* * *

முடிவில் நாம் வைத்தது இதுதான். தேக்கு மரச் சட்டத்தில் மூன்று மூன்று அடியாக இரட்டைக் கதவு. கீழ்ப்பாதி மரப்பலகை, மேல்பாதி கண்ணாடி. அந்த மேல்பாதி தனியாகவும் திறக்கும். ஆதலால் கீழே தாழ்ப்பாள் போட்டபடியே காற்று வாங்கலாம். கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது. சிறிய அறையில் கட்டிலுக்கு இடம் மிச்சம். மேலும் வெளியே அடிக்கும் காற்று கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்துகிறது. ஒரு எச்சரிக்கை: வெளியே திறக்கும் கதவுக்குக் கீலும் வெளியே வந்துவிடும். ஆகவே ஆணியைக் கழற்ற முடியாத கீலாகப் பார்த்து வாங்க வேண்டும். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்கச் சுவரில் கொக்கியும் வேண்டும். உட்புறம் கொசுவலைக் கதவு ஒன்று. வெளியே இரண்டு தாழ்ந்த படி, அருகில் கைப்பிடி.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக விழும். குழந்தைகளும் முதியவர்களும் நடமாடும் கதவில் அதை வைக்கவே கூடாது. 1903-ல் பாரிஸ் நகரத்தில் பெனடிக்டஸ் என்ற ரசாயன நிபுணர் ஒரு குடுவையைக் கை தவறிக் கீழே போட்டார். அது விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த திரவம் உலர்ந்து மெல்லிய ஏடாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்துக் கொண்டிருந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஏடு வைத்த கண்ணாடி அப்படிப் பிறந்தது. மற்றொரு வகை, 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, குளிர்ந்த காற்றைப் பாய்ச்சி இறுக்கிய கண்ணாடி. அது சாதாரணக் கண்ணாடியைப் போல் நாலைந்து மடங்கு வலிமை உள்ளது. உடைந்தாலும் கற்கண்டு போல் சிறு துண்டுகளாகவே உதிரும். ஆனால் இறுக்கிய பிறகு அதை வெட்டவோ தேய்த்துக் குறைக்கவோ முடியாது.

இதை நாம் பணம் கொடுத்துக் கற்றோம். பூச்சு முடியுமுன்பே, சட்டம் நிற்குமுன்பே, அவசரப்பட்டுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்தோம். வந்த கண்ணாடி அரை அங்குலம் பெரிது. "கொஞ்சம் தேய்த்துவிடலாமா?" என்று கேட்டதற்குத் தச்சர் நம்மைப் பரிதாபமாகப் பார்த்தார். மறு கண்ணாடி வரும் வரையில் இரண்டு வாரம் அந்த மேல்பாதியை ஒரு பழைய தார்ப்பாய் அலங்கரித்தது. வேலை முழுவதும் முடிந்து, சட்டம் நின்ற பிறகே அளவு எடுக்கவும். நம் அனுபவத்தில் இதுவே விலை உயர்ந்த பகுதி.

மரம்தான் உயர்த்தி என்று நாம் சாதிக்கவில்லை. நன்றாக உலராத மரம் கோடையில் சுருங்கி, மழையில் உப்பி, நம் பொறுமையைச் சோதிக்கும். பிளாஸ்டிக் சட்டத்துக்குக் கறையான் பயமும் வர்ணச் செலவும் இல்லை. பெரிய அகலமானால் உள்ளே எஃகு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்கவும். அலுமினியம் மெல்லிதாக இருந்தும் பலமானது. கடலோர உப்புக் காற்றுக்கு மேல்பூச்சு நன்றாக இருக்க வேண்டும். குறுகலான மாடி முகப்பு உள்ள வீடுகளில், கதவை விரித்துத் திறக்க இடமில்லாதபோது, நகரும் கதவே உத்தமம். எதை வாங்கினாலும், அதன் வழியாக யார் போகப் போகிறார்கள் என்று கேட்டு, அவருடைய கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு வாங்கவும்.

* * *

இப்போது தாயார் காலையில் தாமே தாழ்ப்பாளை நீக்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு படி இறங்குகிறார். நட்டு வைத்த வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பிறகு படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, மதில் சுவருக்கு அப்பால் இருக்கும் அம்மாளுடன் உலக விவகாரங்களைப் பேசுகிறார். ஏழு வருஷமாக நமக்குப் பெயர்கூடத் தெரியாத அந்த அண்டை வீட்டாரின் மூன்று தலைமுறைச் சரித்திரமும் இரண்டே வாரத்தில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. குமாரி அதற்குப் "பாட்டி கதவு" என்றே பெயர் வைத்துவிட்டாள்.

நேற்று மாலை நாமும் அந்த வாசலில் நின்று, கடற்காற்று வீட்டை ஊடுருவிச் செல்வதை அனுபவித்துக்கொண்டிருந்தோம். மாதக் கணக்காகப் பட்ட பாடு வீண் போகவில்லை என்று பெருமிதம் உண்டாயிற்று. அச்சமயம் உள்ளேயிருந்து தாயாரின் குரல் கேட்டது:

"ஏனப்பா, மணி ஆறாகிவிட்டதே, கொசு வராதா? கதவைச் சாத்து!"