வீட்டுப்பாடம் வகுப்பிலேயே தொடங்கட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

"நாளைக்குத் தெர்மாகோல் வேணும்மா." இரவு ஒன்பது மணிக்கு இந்தக் குரல் கேட்காத வீடு குறைவு. புராஜெக்ட் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். கடை சாத்துவதற்குள் அப்பா ஓடுவார்; அம்மா படங்களை வெட்டி ஒட்டுவார்; பிள்ளை தூங்கி வழியும். பெற்றோரின் கைவேலைக்கு மறுநாள் மதிப்பெண் விழும். பிள்ளைக்கு மிஞ்சுவது 'சோம்பேறி' என்ற பெயர்.

அந்தப் பெயர் தவறு. அதைத் தங்கள் துறையே ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கணக்கு நோட்டோடு உட்காரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கொஞ்சம் அருகில் இருந்து கவனித்தால் போதும். பென்சிலைச் சீவும். ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போடும். தலைப்புக்கு அடியில் பச்சை மையில் இரட்டைக் கோடு இழுக்கும். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போகும். சோம்பேறிப் பிள்ளை இவ்வளவு பாடுபடாது. பின்னக் கணக்கு வகுப்பிலேயே புரியவில்லை. நோட்டைத் திறந்ததும் வகுப்பில் வந்த திகில் மறுபடி வந்துவிடுகிறது. உளவியலாளர்கள் ஃபுஷியா சிர்வாவும் திமோத்தி பிச்சிலும் 2013இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் விளக்குகிறது: ஒரு வேலை கிளப்பும் மனச்சங்கடத்தை அப்போதைக்குத் தவிர்க்கத்தான் மனிதர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

திட்டினால் அந்தச் சங்கடம் கூடத்தான் செய்யும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். நம் பள்ளிகளிலோ வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வெளியே நிற்கும் பிள்ளைக்கு அன்றைய பாடம் போய்விடுகிறது. அன்று மாலை நோட்டு இன்னும் கனக்கிறது.

வீட்டுப்பாடத்தின் அளவு பற்றி விதிகளுக்குக் குறைவில்லை. 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஆனால் ஐந்து பாட ஆசிரியர்கள், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல், ஆளுக்கு அரை மணி நேர வேலை கொடுத்தால் இரண்டரை மணி நேரம் ஆகிறது. அதைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை. வகுப்பாசிரியரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள்.

அதைவிட முக்கியமான கோரிக்கை ஒன்று உண்டு. மணி அடிக்கும்போது அவசரமாகக் கரும்பலகையில் எழுதிப்போடும் வீட்டுப்பாடத்தை, பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் அங்கேயே தொடங்க வேண்டும். முதல் கணக்கில் யார் தடுமாறுகிறார் என்பது ஆசிரியரின் கண்ணில் அப்போதே படும். மாலையில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய துணை. பாதி செய்த கணக்கைத் தொடர்வதற்கு, வெற்றுத் தாளில் தொடங்கும் அளவு தயக்கம் இருக்காது. அப்படியும் தொடங்கவே முடியாமல் திணறும் பிள்ளைகளைத் தண்டிக்காமல், வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும்.

வீட்டுப்பாட டைரியிலும் ஒரு வரி கூடுதலாக வேண்டும். ஜெர்மனியில் உளவியலாளர்கள் கோல்விட்சரும் பிராண்ட்ஸ்டேட்டரும் மாணவர்களிடம் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில், நேரத்துக்கு முடித்தவர்கள் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 1997இல் வந்த ஆய்வு அது. 'பக்கம் 42' என்பதோடு 'டியூஷன் முடிந்து வந்ததும், திண்ணையில்' என்று பிள்ளையே எழுதட்டும்.

புராஜெக்டுக்கு ஒரே கெடு வேண்டாம். முதல் வாரம் தகவல், அடுத்த வாரம் படம், பிறகு சார்ட் என்று வகுப்பிலேயே வாங்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது தலைமையாசிரியர்களுக்குப் போகும் சுற்றறிக்கையில் இவற்றைச் சேர்த்து, முதல் பருவத்தில் 6ஆம் வகுப்பில் மட்டும் நடத்திப் பார்க்கத் தாங்கள் ஆணையிட வேண்டும்.