நம்ம ஊர்ப் பாட்டுக்கு மேடை எங்கே?



காலேஜ் டே என்றால் நமக்கு என்ன? நாலு சினிமாப் பாட்டு, அதற்கு டான்ஸ், பின்வரிசையில் விசில். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை நேர விழாவில் நம்ம ஊர்ப் பாட்டுக்குப் பத்து நிமிடம்கூட இல்லையே, ஏன்? "அது பட்டிக்காட்டுப் பாட்டுடா" என்கிற கூச்சம்தானே?

அந்தக் கூச்சத்தை உடைத்த ஒரு பாடகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கே.ஏ.குணசேகரன். 1955-இல் இளையான்குடி பக்கம் மாரந்தை கிராமத்தில், தலித் குடும்பத்தில் பிறந்தவர். சாதி தந்த காயங்களை 2005-இல் வந்த ‘வடு’ என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். படித்து மேலே வந்தவர்கள் பிறந்த தெருவின் பாட்டை மறந்துவிடுவது வழக்கம். இவர் நேர்மாறு. உழைக்கும் சனங்களின் பாட்டைத் தேடித் தொகுத்தார், ஆராய்ந்தார், தாமும் எழுதினார். ‘தன்னானே’ கலைக்குழுவோடு மேடை மேடையாகப் பாடினார். கவிஞர் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்தது இவர் குரலில்தான். ‘பலி ஆடுகள்’ என்ற நாடகமும் இவருடையதே.

அந்தப் பாட்டே அவரைப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர் ஆக்கியது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016 ஜனவரியில் மறைந்தார். படிப்பு வேற, பாட்டு வேற என்று சொல்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

"சரிப்பா, டிப்ளமோக்காரனுக்கு இது சோறு போடுமா?" என்பீர்கள். போடாதுதான். ஆனால் பறையைச் சாவு வீட்டோடு ஒதுக்கி, அதை அடித்தவரையும் சேர்த்தே ஒதுக்கிய ஊர் நம்முடையது. அந்தப் பறை நம் கல்லூரி மேடையில் ஏறினால் ஏறுவது வெறும் தோல்கருவி அல்ல, ஒரு மனிதனின் மரியாதை. லேத்தும் லெவலும் கற்றுத் தராத பாடம் அது.

எனவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் அரை மணி நேரம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள். பொன்னாடை மட்டும் போதாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தருவதுபோல் சம்பளமும் தாருங்கள்.

நண்பர்களே, நமக்கும் வேலை உண்டு. வரதராஜன்பேட்டையைச் சுற்றி முந்திரித் தோப்பிலும் வயலிலும் பாடத் தெரிந்த ஆத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. அவர்களைக் கேட்டு, பாடியவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டுக்காரியையும் ஊர் மறக்கக் கூடாது!