படையை அனுப்பியவர் யார்?

கிண்டி ரயில் நிலையத்தில் முடியை ஒட்ட வெட்டிய இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்துப் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளாகப் பயிற்சி பெறுபவர்கள். ஒரு வருடத்தில் இவர்கள் சொல்லுக்கு முப்பது துப்பாக்கிகள் கட்டுப்படும். பார்க்கும்போதெல்லாம் 1987 அக்டோபர் 21, அந்தத் தீபாவளி நாள் நெஞ்சை அறுக்கிறது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்தது. நோயாளிகளும் ஊழியர்களுமாக 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மறுநாள் காலை கைகளை உயர்த்தியபடி வெளியே வந்த மருத்துவரையும் சுட்டார்கள் என்கிறார்கள், பிணங்களுக்கிடையே படுத்து உயிர் பிழைத்தவர்கள். புலிகளுடன் நடந்த சண்டையில் சிக்கி இறந்தார்கள் என்றது ராணுவம். ஒரு அதிகாரிகூடத் தண்டிக்கப்படவில்லை. மணிலாவில் தன் படை செய்த கொலைகளைத் தடுக்கத் தவறிய ஜப்பானியத் தளபதி யமஷிதாவை 1946இல் தூக்கிலிட்டது அமெரிக்கா. தூக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தளபதி பொறுப்பு என்ற அந்த நியாயம் தோற்றவனுக்கு மட்டும்தானா? இலங்கை ராணுவத்தினர் தமிழர்களைக் கொன்ற மிருசுவில் படுகொலையில் தண்டனை பெற்றவர் ஒரே ஒரு சார்ஜன்ட். அவரையும் 2020இல் மன்னித்துவிட்டது இலங்கை. டெல்லியாவது தன் கோப்பைத் திறக்கட்டும். யாழ்ப்பாண மருத்துவமனை வளாகத்துக்குள் படையை அனுப்பியது யார், சுடுவதை நிறுத்தச் சொல்ல ஓர் அதிகாரிகூட அங்கே இல்லையா என்று கேட்கட்டும்.