வாதுமை மணமும் சயனைடு மேடும்

கலவை மதுவை வீட்டிலேயே செய்துபார்க்கும் ஆர்வம் பெருநகர இல்லங்களில் வளர்ந்துள்ளது. அதற்கான குறிப்புகளில் அடிக்கடி இடம்பெறுவது அமரெட்டோ சவர். வாதுமை மணமுள்ள இத்தாலிய இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெண்கரு ஆகியவற்றின் கூட்டு அது. இக்கோப்பையைப் பற்றிய எழுத்துகள் இத்தாலியின் சரோன்னோ நகரைப் பேசும். 1970களின் அமெரிக்க மதுக்கூடங்களைப் பேசும். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலைப் பேசுவதில்லை. பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. கோப்பையில் எழும் மணத்தின் வரலாற்றிலும் தங்கவயலின் வெளிறிய மேடுகளின் வரலாற்றிலும் பொதுவான பொருள் ஒன்று இருக்கிறது: சயனைடு. ஓரிடத்தில் அது கவனமாக அகற்றப்பட்டது. மற்றோரிடத்தில் அதைக்கொண்டு நடந்த தொழிலின் கழிவு, குடியிருப்புகளின் ஓரத்தில் அப்படியே கைவிடப்பட்டது. இவ்வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பத்தின் போதாமை காரணமன்று. யாருடைய உடலைக் காக்க வேண்டும் என்னும் தீர்மானமே காரணம்.

முதலில் கோப்பையைப் பார்க்கலாம். அமெரிக்க மதுக் கலவை வல்லுநர் ஜெஃப்ரி மார்கன்தாலர் 2012இல் வெளியிட்ட செய்முறையே இன்று பலராலும் பின்பற்றப்படுகிறது. அதன்படி வாதுமை மது 45 மி.லி., வீரியமான பர்பன் விஸ்கி 22 மி.லி., எலுமிச்சைச் சாறு 30 மி.லி., கெட்டிப் பாகு ஒரு தேக்கரண்டி, வெண்கரு 15 மி.லி. ஆகியன சேர்க்கப்படும். இக்கலவையைப் பனிக்கட்டி இல்லாமல் ஒருமுறையும் பனிக்கட்டியோடு மறுமுறையும் குலுக்க வேண்டும். முதற் குலுக்கலில் வெண்கருவின் புரதம் விரிந்து நுரையைத் தாங்கும். இரண்டாவதில் கலவை குளிர்ந்து, சற்றே நீர்க்கும். நம் சந்தைகளில் கிடைக்கும் எலுமிச்சை மேலைநாட்டு மஞ்சள் எலுமிச்சையைவிடக் காரமான புளிப்புடையது. ஆகவே சாற்றைச் சற்றுக் குறைத்துத் தொடங்குவது நலம். விஸ்கியைச் சேர்த்தமைக்கும் காரணம் உண்டு. வாதுமை மது தனித்து நின்றால் தித்திப்பே மேலோங்கும். பெயரிலுள்ள கசப்பு மறைந்துவிடும். அமரெட்டோ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு ‘சிறு கசப்பு’ என்பதே பொருள்.

அந்தக் கசப்பில்தான் செய்தி அடங்கியுள்ளது. நாம் பாலிலும் அல்வாவிலும் சேர்க்கும் இனிப்பு வாதுமைக்கு அம்மணம் இல்லை. மணம் கசப்பு வாதுமைக்கும், பாதாமி எனப்படும் ஏப்ரிகாட் பழத்தின் கொட்டைப் பருப்புக்கும் உரியது. இத்தாலியின் பெயர்பெற்ற அமரெட்டோ வகைகள் சிலவற்றில் வாதுமையே இடம்பெறுவதில்லை. பாதாமிப் பருப்பே மணம் தருகிறது. இப்பருப்புகளில் அமிக்டலின் என்னும் பொருள் உள்ளது. 1830இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ரோபிகேயும் பூத்ரோன்-ஷார்லாரும் அதைப் பிரித்தெடுத்தனர். பருப்பை நசுக்கி நீர் சேர்த்தால், அதிலுள்ள நொதி அமிக்டலினைச் சிதைத்து மூன்று பொருள்களை விடுவிக்கும் என்பதை 1837இல் வோலரும் லீபிக்கும் விளக்கினர். ஒன்று சர்க்கரை. மற்றொன்று பென்சால்டிகைடு, வாதுமை மணம் என அறியப்படுவது இதுவே. மூன்றாவது ஹைட்ரஜன் சயனைடு, உயிர்கொல்லும் நஞ்சு. மணமும் நஞ்சும் ஒரே மூலக்கூற்றின் சிதைவில் ஒருங்கே பிறப்பவை.

மிட்டாய்த் தொழிலும் மதுத் தொழிலும் இச்சிக்கலை எதிர்கொண்டன; தீர்வும் கண்டன. கசப்பு வாதுமை எண்ணெயைச் சுண்ணாம்போடும் இரும்பு சல்பேட்டோடும் சேர்த்துக் கழுவினால் சயனைடு பிணைக்கப்பட்டு நீங்கிவிடும், மணம் எஞ்சும். பின்னர் பென்சால்டிகைடைத் தனியே தொகுத்தெடுக்கும் முறையும் வந்தது. நம் கடைகளில் விற்கும் பாதாம் எசென்ஸ் பெரும்பாலும் அத்தகையதே. நுகர்வோர் நஞ்சின் நினைவேயின்றி மணத்தை நுகரும் நிலை இவ்வாறு உருவாக்கப்பட்டது. வீட்டில் செய்வோர் இதனால் ஓர் எச்சரிக்கையை மனங்கொள்ள வேண்டும். கசப்புப் பருப்பை வாங்கி நசுக்கி மதுவில் ஊறவைத்துத் தாமே வாதுமை மது தயாரிக்க முயல்வது ஆபத்தானது. ஆலை நீக்கும் நஞ்சைச் சமையலறை நீக்காது. அந்நஞ்சின் மணத்தைச் சிலருடைய மூக்கு உணரவும் செய்யாது.

இனித் தங்கவயலுக்கு வரலாம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கு வந்தது. ஒரு டன் பாறையை இடித்தால் சிறிதளவு தங்கமே தேறும். பிற்காலத்தில் அதுவும் குறைந்துகொண்டே போயிற்று. பொடியாக்கிய பாறையிலிருந்து பாதரசத்தால் பிடிக்க முடியாத நுண்துகள் தங்கத்தை மீட்பதற்கு 1887இல் கிளாஸ்கோ நகரில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் உடன்பிறப்புகளும் காப்புரிமை பெற்ற சயனைடு முறை பயன்பட்டது. நீர்த்த சயனைடுக் கரைசல் காற்றின் துணையோடு தங்கத்தைக் கரைக்கும். துத்தநாகம் அதைப் படியவைக்கும். கரைசலிலிருந்து நச்சுவாயு கிளம்பாதிருக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். வாதுமை எண்ணெயைத் தூய்மையாக்கிய அதே சுண்ணாம்பு இங்கும் காவல் நின்றது. ஆனால் அது காத்தது ஆலைக்குள் நிகழ்ந்த வினையைத்தான். தங்கம் போக மிஞ்சிய மாவு போன்ற மண்ணுக்குக் காவல் ஏதும் இருக்கவில்லை.

120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேலான தங்கம் இங்கிருந்து வெளியேறியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 3.3 கோடி டன் எனக் கணக்கிடப்படும் கழிவுமண் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. மக்கள் அதைச் சயனைடு மலை என்கின்றனர். 2018இல் வந்த கே.ஜி.எஃப் திரைப்படத்துக்குப் பின்னர் அது பலருக்கு வேடிக்கை பார்க்கும் இடமும் ஆயிற்று. அப்பெயர் ஒருவகையில் திசைதிருப்பவும் செய்கிறது. தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துபோகும். சிதையாதது குவார்ட்சுப் பாறையின் நுண்தூள். சுரங்கத்தின் அடியில் தொழிலாளரின் நுரையீரலை இறுக்கிய சிலிக்காவும் இப்பாறையைச் சேர்ந்ததே. காற்று வீசும் மாதங்களில் அது மேட்டிலிருந்து எழுந்து சாம்பியன் ரீப், மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளின் லைன் வீடுகளில் இறங்குகிறது. மூடிவைத்த சோற்றுப் பானையின் மீதும், காயப்போட்ட துணியின் மீதும், தொட்டிலின் மீதும் படிகிறது. அதை நாள்தோறும் கூட்டித் தள்ளுபவர்கள் பெண்கள். சுரங்கத்தில் இறங்காத அவர்களுக்கும் சுரங்கத்தின் தூசியில் பங்கு உண்டு. தொழிலாளர் பட்டியலில் மட்டும் அவர்களுக்குப் பெயர் இல்லை.

தங்கவயலின் வீடுகள் எழுத்தில் இடம்பெறவில்லை என்று கூற முடியாது. பங்களாக்களும் ஐரோப்பியர் மன்றமும் ‘குட்டி இங்கிலாந்து’ என்னும் ஏக்கத்தோடு நினைவுகூரப்படுகின்றன. ஆங்கிலோ இந்திய இல்லங்களின் திராட்சை ஒயின், இஞ்சி ஒயின், குல்குல், மார்சிபன் ஆகியவற்றின் செய்முறைகள் நூல்களாகியுள்ளன. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் அவற்றைத் தொகுத்தமை மதிக்கத்தக்க பணி. அழியவிருந்த ஒரு சமூகத்தின் சமையலறை அதனால் காப்பாற்றப்பட்டது. குறை அத்தொகுப்புகளில் இல்லை; அவற்றுக்கு இணையாக லைன் வீட்டின் சமையலறை எழுதப்படாமையில் இருக்கிறது. மதுவைப் பற்றிய பேச்சிலும் இச்சாய்வு உண்டு. மன்றத்துக் கோப்பை பண்பாடு எனப்படுகிறது. தொழிலாளியின் சாராயம் சீர்கேடு எனப்படுகிறது. வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பான்மையும் தலித்துகளான இத்தொழிலாளரிடையே அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வேரூன்றியிருந்தது. மாரிக்குப்பம் அதன் முதன்மையான மையங்களுள் ஒன்று. மயக்கும் பொருளை விலக்குக என்பது பஞ்சசீலத்தின் ஐந்தாம் நெறி. குடியைப் பற்றித் தாமே சிந்தித்து நெறி வகுத்துக்கொண்ட ஒரு சமூகத்தை வெறும் குடிகாரக் கூட்டமாகச் சித்திரிப்பது வரலாற்றுப் பிழை.

கோப்பையையும் கழிவு மேட்டையும் ஒப்பிடுவது வலிந்த முயற்சி என்று கூறப்படலாம். ஒன்று சில துளி எண்ணெய். மற்றொன்று கோடிக்கணக்கான டன் மண். இரண்டையும் தூய்மையாக்கும் செலவு ஒன்றாகாது என்பதும் உண்மையே. ஆனால் செலவு எங்கே செய்யப்பட்டது என்று கேட்டாக வேண்டும். தங்கவயலுக்காக 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து நெடுந்தொலைவு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குக் குளிர்காற்று செலுத்தப்பட்டது. இவற்றைச் சாதித்த பொறியியலுக்கு மேட்டின்மீது மண்ணைப் பிடித்துவைக்கும் செடிகொடிகளை முழுமையாகப் பரப்புவது மட்டும் எட்டாத வேலையாக இருந்திருக்காது. வாதுமை மதுவில் நஞ்சு எஞ்சினால் வாங்குபவர் இறப்பார்; வணிகம் நிற்கும். மேட்டுத் தூசியைச் சுவாசிப்பவர் எதையும் வாங்குபவர் அல்லர். ஆகவே அவரைக் காக்க எந்த வணிகக் காரணமும் எழவில்லை. அக்காரணம் எழாத இடத்தில் அரசு நின்றிருக்க வேண்டும். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையான பின்னரும் அது நிகழவில்லை.

இக்கேள்வி பழைய கணக்கோடு முடிந்துவிடவில்லை. 2024 ஜூன் மாதம், சுமார் 1,003 ஏக்கரில் பரவியுள்ள 13 கழிவு மேடுகளை மீண்டும் அகழும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண்ணில் எஞ்சிய தங்கம் மீட்கப்படும். வேலை கிடைக்கும் என்று ஊர் நம்புகிறது. நாள்தோறும் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்லும் மக்களின் அந்நம்பிக்கையை எள்ளுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அதனாலேயே சில கேள்விகளுக்கு முன்னதாக விடை வேண்டும். மேட்டைக் கிளறும்போது எழும் தூசியை யார் அளப்பார்? அது வீடுகளுக்குள்ளும் அளக்கப்படுமா? முடிவுகள் தமிழிலும் கன்னடத்திலும் மக்களுக்குத் தரப்படுமா? இரண்டாம் முறை தங்கம் எடுத்தபின் மிஞ்சும் மண் எங்கே போகும்? கிடைக்கும் வருவாயில் எவ்வளவு அவ்வூரின் மருத்துவத்துக்கு ஒதுக்கப்படும்?

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் கடமை உண்டு. தங்கவயலைப் பற்றி ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள் சுரங்க ஆழத்தையும் தொழிற்சங்க வரலாற்றையும் தேடுவதுபோல், தூசியைக் கூட்டிய பெண்களின் வாய்மொழியையும் பதிவுசெய்ய வேண்டும். எந்த மாதத்தில் காற்று எத்திசையிலிருந்து வந்தது, எந்த வீட்டில் இருமல் நிற்கவில்லை, தண்ணீர்க் குடத்தை எப்படி மூடினார்கள் என்பன அவர்கள் அறிந்தவை. அகழ்வுப் பணி தொடங்குவதற்கு முன்பே அவை திரட்டப்பட்டால்தான், பின்னர் நேரும் மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை கிடைக்கும்.