ஃபர்ஸ்ட் சர்வீஸ்

கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர், புத்தம் புது பைக். வைத்த குங்குமம்கூட அழியவில்லை.

"திண்டிவனம் போறேன் சார். ஃபர்ஸ்ட் சர்வீஸ். முப்பது நாளுக்குள்ள விடணுமாம். இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு!"

"வண்டி வாங்கின ராசி எப்படி?"

"அதே வாரம் பொண்ணு பொறந்தா சார். அவசரக்குடுக்கை, எட்டாம் மாசமே வந்துட்டா. ஒண்ணரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. இப்ப ஜோரா இருக்கா."

"கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களா தம்பி?"

"கண்ணுக்கு என்ன சார்? பளிச்னு முழிக்கிறா. நாப்பது நாள் கழியாம வெளியே தூக்கக் கூடாதுன்னு மாமியார் ஆர்டர். அப்புறம் நேரா மயிலம் முருகன்தான்."

எனக்கு டீ இறங்கவில்லை. சொன்னேன்.

விழித்திரை என்பது கேமராவில் ஃபிலிம் மாதிரி. அதன் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிவது பத்தாம் மாதத்தில்தான். குழந்தை முந்திக்கொண்டால் வேலை பாதியில் நின்று, பிறகு கண்டபடி வளரலாம். தழும்பாகி விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். ஆர்.ஓ.பி. என்கிறார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் சோதிக்க வேண்டும். ரொம்பப் பொடிசு என்றால் இன்னும் முன்னாடியே. நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசரில் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பிய்ந்துவிட்டால் கண்ணுக்குள் கருவி விட்டு ஆபரேஷன். முழுசாகப் பிய்ந்திருந்தால் அதுவும் அநேகமாகக் கைகொடுக்காது.

1996-ல் சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில், 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைச் சோதிக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அமெரிக்கா வரை போய்ப் பார்த்தார். பார்வை வரவில்லை. வழக்குப் போட்டார். 2015 ஜூலை 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு 18 வயது. கோடி வந்து என்ன? கண் வந்ததா?

இளைஞர் விரல் விட்டு எண்ணினார். முகம் மாறிவிட்டது.

"இன்னியோட இருபத்தாறு நாள் சார். எங்கே காட்டணும்?"

"பாண்டிச்சேரி பக்கம்தானே? அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு. இன்னிக்கே கிளம்புங்க."

பைக்கை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"தம்பி, மாமியார்?"

"அவங்க மடியிலதான் சார் குழந்தை வரப்போகுது!"

"அப்போ சர்வீஸ்?"

"பாப்பாவுக்குத்தான் சார் ஃபர்ஸ்ட் சர்வீஸ். வண்டி கிடக்கட்டும்!"