சேரிக்கு இடமில்லாத பந்தலில் ஏன் ஏறுகிறீர்கள்?

பிராட்வே என்றால் நமக்கெல்லாம் சென்னை பாரிமுனைப் பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். நியூயார்க்கிலும் அந்தப் பெயரில் ஒரு தெரு உண்டு. இசை நாடகங்களுக்குப் பேர்போன இடம். அங்கே நடித்துப் பெயர் வாங்கிய பாடகர்கள், நாடகத்தை விட்டுவிட்டுப் பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்யப் போவார்கள். அரங்கு நிறையும். நாம் போய் உட்கார முடியாத விலையில் டிக்கெட் இருக்கும். இதைப் பற்றி எழுதச் சேரிக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது, தோழர்களே. நம்ம ஊர் நாடக மேடைக்கு அந்தத் தெருவிலிருந்து கொண்டுவர வேண்டிய சரக்கு ஒன்று இருக்கிறது. அது பாட்டு இல்லை.

1927இல் ‘ஷோ போட்’ என்ற இசை நாடகம் பிராட்வேயில் ஏறியது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் மூட்டை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி ஒருவன் அதில் ஆற்றைப் பார்த்துப் பாடுவான். பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் வெள்ளையர்கள். அந்தப் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் பால் ராப்சன். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்த ஒருவரின் மகன். 1928இல் லண்டன் மேடையிலும் 1932இல் பிராட்வேயிலும் அதைப் பாடினார். பிறகு தன் கச்சேரிகளில் அந்தப் பாட்டின் வரிகளையே மாற்றினார். அலுத்துச் சலித்து விதியை நொந்துகொண்ட தொழிலாளியை, சாகும்வரை போராடுவேன் என்று சொல்ல வைத்தார். கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நெளிந்தார்கள். 1950இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. அதைத் திரும்பப் பெற 8 ஆண்டுகள் ஆயின.

ராப்சனைப் பற்றி நம் தோழர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் சொல்லவந்தது இன்னொரு சம்பவம். அதை நம் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை.

‘போர்கி அண்ட் பெஸ்’ என்று ஒரு நாடகம், 1935இல் வந்தது. கறுப்பின மக்கள் வாழும் ஒரு சந்தின் கதை. எழுதியவர்கள் இதிலும் வெள்ளையர்களே. நம்மை இப்படியா காட்டுவது என்று கறுப்பினத்தவர்களுக்கே அதன்மேல் விமர்சனம் உண்டு. அது இருக்கட்டும். 1936இல் அந்தக் குழு சுற்றுப்பயணமாக வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனது. மேடையில் இருப்பவர்கள் கறுப்பினத்தவர்கள். ஆனால் அந்த அரங்கில் கறுப்பினத்தவர் டிக்கெட் வாங்கி உட்கார முடியாது. கதாநாயகனாக நடித்த டாட் டன்கனும் கதாநாயகி ஆன் பிரௌனும், எங்கள் ஜனம் உட்கார முடியாத அரங்கில் நாங்கள் பாட மாட்டோம் என்றார்கள். சில காட்சிகளுக்கு மட்டும் விடுகிறோம், மாடியில் மட்டும் உட்கார வைக்கிறோம் என்று நிர்வாகம் பேரம் பேசிப் பார்த்தது. டன்கன் மசியவில்லை. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கிவந்தது. அந்த நாடகம் நடந்த ஒரு வாரம் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள்.

குழு ஊரைவிட்டுப் போனதும் நிர்வாகம் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டது. இந்த இடத்தை அழுத்திப் படியுங்கள். இரண்டு நடிகர்களின் வீரத்தால் ஒரு வாரத்தைத்தான் வெல்ல முடிந்தது. அதற்குப் பிறகு வேலையைக் கையிலெடுத்தது சங்கம். ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்பது பிராட்வே நடிகர்களின் தொழிற்சங்கம். 1913இல் தொடங்கி, 1919இல் வேலைநிறுத்தம் செய்து முதலாளிகளைப் பணியவைத்த சங்கம். அது 1947இல் அறிவித்தது: கறுப்பினத்தவரை உள்ளே விடாதவரை எங்கள் உறுப்பினர் ஒருவரும் நேஷனல் தியேட்டரில் நடிக்க மாட்டார். அரங்கின் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கறுப்பினத்தவரை உள்ளே விடுவதற்குப் பதிலாக 1948இல் நாடகத்தையே நிறுத்திவிட்டு அதைச் சினிமாக் கொட்டகை ஆக்கினார். தன் தொழிலை இழந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார மாட்டேன் என்ற கொழுப்பு. நமக்கு நன்றாகத் தெரிந்த கொழுப்புதான். நடிகர்களும் விடவில்லை. 1952இல் அந்த அரங்கு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த பிறகுதான் அங்கே மறுபடி நாடகம் ஏறியது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவருடைய திருவெம்பாவை மார்கழியில் ஊரெங்கும் ஒலிக்கிறது, தாய்லாந்து அரசவைச் சடங்கு வரைக்கும் போயிருக்கிறது. பாட்டுக்கு எந்தத் தெருவும் தடை இல்லை. மேலூர் வட்டாரத்தில் மனிதனுக்கு உண்டு. கக்கன் பிறந்த தும்பைப்பட்டியும் இந்த வட்டாரம்தான், 1997இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனை வெட்டிச் சாய்த்த மேலவளவும் இந்த வட்டாரம்தான்.

பங்குனி பிறந்தால் இங்கே கோயில் திருவிழாக்கள். திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து வரும் நம்முடைய பிராட்வே இதுதான். இரவு பத்து மணிக்கு மேல் பபூனும் டான்ஸ் காமிக்கும் வந்து சிரிக்க வைப்பார்கள். பிறகு ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆர்மோனியத்துக்கு இணையாகப் பாடியும் தர்க்கம் பண்ணியும் விடிய வைப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்திப்பார்கள். உலகத்தில் எந்தப் பாடகருக்கும் குறையாத திறமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பந்தலுக்குக் கீழே பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில், எல்லாவற்றிலும் என்று சொல்லவில்லை, நாடகத்துக்குச் சேரி ஜனம் போனால் உட்காரும் இடம் தனி. கயிறு கட்டியிருக்காது, பலகை எழுதி மாட்டியிருக்காது. எந்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் ஓடும் பக்கம், அல்லது பந்தலுக்கு வெளியே ரோட்டோரம். கேட்டால் நியாயம் ஒன்று தயாராக வைத்திருப்பார்கள்: “நீங்க வரி குடுக்கலையே.” கொடுக்கிறோம் என்று போனால் வாங்க மாட்டார்கள். வரியை வாங்கினால் உரிமையைக் கொடுக்கவேண்டி வரும் என்பதற்காகவே வாங்காமல் இருக்கிறார்கள். ஆனால் சாமி புறப்பாட்டுக்குப் பறையடிக்கச் சேரியிலிருந்து ஆள் வந்தாக வேண்டும். அடித்து முடித்ததும் அவரும் போய் ரோட்டோரத்தில் நின்றுதான் நாடகம் பார்ப்பார்.

மேடையில் என்ன நாடகம்? வள்ளி திருமணம். குறவர் குடியில் வளர்ந்த பெண்ணைத் தேடிவந்து சாமியே கட்டிக்கொள்ளும் கதை. அந்த ஊரில் ஒரு பையன் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இல்லையென்றால் அரிச்சந்திர மயான காண்டம். ராஜா சுடுகாட்டுக்குக் காவலாளியாகி, வீரபாகுவுக்கு அடிமையாகி நிற்பார். விடிகாலையில் ஊரே அழும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கேள்வி. ராஜா வெட்டியான் வேலை பார்த்தால் அது உலகமகா சோகம். நம்ம தாத்தா அதே வேலையைச் சாகும்வரை பார்த்தாரே, அவருக்காக யார் அழுதார்கள்? அந்த மயானத்தில் நிஜமாகவே பிணம் எரித்தவரின் பேரன் பந்தலுக்கு வெளியே நிற்கிறான். பந்தலுக்குள் ராஜாவுக்காகக் கண்ணீர்.

சபாக்களின் கதையும் இதுதான், உடுப்பு மட்டும் வேறு. கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரம் எழுதினார். பண்ணையடிமையான ஒரு பறையர், கோயிலைப் பார்க்க ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சும் கதை. அந்த உத்தரவு கேட்கும் பாட்டுகள் கச்சேரி மேடையில் தனியே உருகி உருகிப் பாடப்படுகின்றன. 1935இல் அது சினிமாவானபோது நந்தனாராக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் ரூபாய் சம்பளம். நந்தனாரின் கெஞ்சலுக்குச் சந்தை உண்டு. நந்தனாரின் வாரிசுக்கு எத்தனை சபாவில் மேடை உண்டு என்று எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும்.

“கலைக்குச் சாதி இல்லை” என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுடைய சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், முருகன் வேஷம் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிச் சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று மேடையிலேயே உயிர் விட்டவர். அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தார் என்பதற்காக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ஆக, “இந்த மேடையில் நான் ஏற மாட்டேன்” என்று சொல்லத் தெரியாதவர்கள் இல்லை நம் கலைஞர்கள். சாதிக்காகச் சொல்லத் தெரிந்திருக்கிறது. சாதிக்கு எதிராக ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்கிறேன்.

அதற்குப் பதில் ஒன்று வரும், அதைத் தள்ளிவிட முடியாது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் பணக்காரர்கள் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசியில் சம்பாதித்ததை வைத்து மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். பெண் கலைஞர்களை ஊர் என்னென்ன பெயர் சொல்லி அழைக்கிறது என்பதும் தெரிந்ததுதான். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்களும் உண்டு, நோட்டீஸில் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும், சாதி இருக்காது. ஒரு ராஜபார்ட் “சேரி ஜனத்தை உள்ளே விட்டால்தான் நடிப்பேன்” என்றால், ஏஜெண்ட் அடுத்த நிமிடம் இன்னொரு ராஜபார்ட்டுக்குப் போன் போடுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவரும் தொழிலில் தனியாள் வீரத்துக்கு ஒரு ராத்திரிதான் ஆயுள். டாட் டன்கனுக்கு ஒரு வாரம்.

அதனால்தான் கோரிக்கையைத் தனிக் கலைஞரிடம் வைக்கக் கூடாது, சங்கத்திடம் வைக்க வேண்டும். மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. புதுக்கோட்டை முதலிய ஊர்களிலும் இருக்கின்றன. தேதி எழுதும் சீட்டில் ஒரு வரி அச்சடித்தால் போதும்: ஊரார் அனைவரும் பாகுபாடின்றி ஒரே பந்தலில் அமர்ந்து பார்க்கும் நாடகத்துக்கு மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லும், மீறினால் நாடகம் நின்றுவிடும், அட்வான்ஸ் திரும்பாது. எல்லாச் சீட்டிலும் அது இருந்தால் ஏஜெண்ட் யாருக்குப் போன் போடுவார்?

சட்டம் கேட்பவர்களுக்கு: பொது கேளிக்கை இடங்களில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) சொல்கிறது. பொதுக் கேளிக்கை இடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். இரவு நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி வாங்கும்போது ஆபாச நடனம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டு கூடாது என்று நிபந்தனை எழுதுகிறார்கள். தனிப் பந்தி போல தனி இடம் கூடாது என்று எழுதுவதற்கு மை தீர்ந்துபோகிறதா?

நம் தரப்பிலும் ஒரு பேச்சு இருக்கிறது. அவர்கள் பந்தல் எதற்கு, நம் மேடையை நாமே போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். போட்டோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. 2020இல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது, 2021இல் அது மதுரைக்கும் வந்தது. கானாவும் ஒப்பாரியும் பறையும் தலைநிமிர்ந்து நின்ற மேடைகள். அவை நூறாகப் பெருக வேண்டும். ஆனால் அந்த ராத்திரி மதுரையில் கைதட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஊருக்கு வந்தவன், சித்திரையில் தன் ஊர்ப் பந்தலுக்கு வெளியேதான் நின்றான். அந்தப் பந்தல் ஊர்ப் பொதுநிலத்தில் போட்டது. அதை அவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வர நாம் யார்? 1939 ஜூலை 8 அன்று கக்கனும் வைத்தியநாத ஐயரும் மற்றவர்களும் மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, நாம் தனிக் கோயில் கட்டிக்கொள்ளலாமே என்று யாரும் திரும்பிப் போகவில்லை.

வருகிற சீசனுக்கு மாசியிலேயே தேதி கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்பே, தை மாதத்துக்குள், மாணவர் அமைப்புகள் சேர்ந்து சங்க அலுவலகங்களுக்கு நேரில் போக வேண்டும். சண்டைக்குப் போகாதீர்கள், மரியாதையாகப் போங்கள். அந்த ஒரு வரியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நாடகம் ரத்தானால் கலைஞருக்கு ஆகும் நஷ்டத்தை ஈடுகட்ட நிதி சேர்க்க நாம் தயார் என்பதையும் சொல்லுங்கள், சொன்னால் சேர்த்தும் கொடுங்கள். போகும்போது நாலு பேரில் ஒருவராவது பறையடிக்கும் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கட்டும், பேச்சை அவரே ஆரம்பிக்கட்டும். திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் சிலர் கிளம்புகிறோம். உங்கள் ஊர்ப் பந்தலில் சேரிக்கு எந்த இடம் என்பதை ஊர்ப் பெயர், திருவிழா மாதம், நாடகம் போட்ட தேதியோடு எழுதி வையுங்கள். சங்கத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.