செக்கு நல்லது, பரல்?

“செக்கில ஆட்டின எண்ணெய்க்குப் பரிசோதனை எதுக்கு? எங்கட ஆச்சிமார் அதைக் குடிச்சுத்தானே தொண்ணூறு வயசுமட்டும் இருந்தவை!” புங்குடுதீவுக் கூட்டமொன்றில் ஓர் அன்பர் இப்படி முழங்கினார். கைதட்டலும் வாங்கினார்.

முதலில் ஆச்சிமாருக்கு வருவோம். தொண்ணூறு வரை இருந்தவர்களைத்தான் அன்பர் எண்ணியிருக்கிறார். நாற்பதில் போனவர்கள் எதனால் போனார்கள் என்று எந்த ஏட்டில் பார்த்தார்?

அடுத்தது செக்கு. அது நல்லதென்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய் ஏறும் கலம்? 1977–78இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் நரம்பு பாதிக்கப்பட்டு விழுந்தார்கள். மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரட்ணமும் காரணத்தைத் தேடிப் போய் நின்ற இடம் நல்லெண்ணெய்ப் போத்தல். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்று நாங்களும் வார்த்துக் கொடுக்கிறோமே, அதே நல்லெண்ணெய்! அதில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் இருந்த கலங்களில் ஏற்றிவந்தபோது அது கலந்திருக்க வேண்டும் என்று 1981இல் ‘லான்செற்’ இதழில் எழுதினார்கள். எள்ளிலும் பிழையில்லை, தாயின் பாசத்திலும் பிழையில்லை. ஊற்றிய கலத்தை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்பரின் கடைசி ஆயுதம் 2021 மார்ச். இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருந்ததாம். ஆகவே நஞ்செல்லாம் வெளிநாட்டுச் சரக்காம். ஐயா, பூஞ்சணத்துக்குக் கடவுச்சீட்டு இல்லை. சரியாகக் காயாத கொப்பராவென்றால் மலேசியாவிலும் பிடிக்கும், எங்கள் வீட்டுக் கோடியிலும் பிடிக்கும். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் அந்த நஞ்சு தாச்சிச் சூட்டுக்கு அழியாது. ஆலைச் சுத்திகரிப்பில் பெரும்பாலும் நீங்கிவிடும். சுத்திகரிக்காத செக்கெண்ணெயிலோ தங்கிவிடும். அப்படியானால் பரிசோதனை யாருக்குக் கூடுதலாக வேண்டும்? இன்னொன்றையும் அன்பர் மறந்துவிட்டார்: 2021இல் அந்த எண்ணெயைக் காட்டிக்கொடுத்ததே அவர் நையாண்டி செய்யும் பரிசோதனைதான்.

செக்குக்கு நான் பகையில்லை. எங்கள் வீட்டிலும் அந்த எண்ணெய்தான். நான் கேட்பது மூன்று: கொப்பரா நன்றாகக் காயவேண்டும், உணவெண்ணெய்க்கென்றே தனிக் கலம் வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பரிசோதனைக்கு எண்ணெய் மாதிரி கேட்டால் முகம் சுழிக்காமல் கொடுக்கவேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பாரம்பரியத்துக்கென்று தனிக் கதவு திறந்து வைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போத்தலோடு எண்ணெய் வந்த பரலையும் உருட்டி வாருங்கள், அன்பரே. அதில் முன்பு என்ன இருந்தது என்று சனத்துக்குச் சொல்லிவிட்டு ஆச்சிமாரைப் பற்றிப் பேசுங்கள்.